பெனிஃபிட் கேப் விழுந்த வீட்டிலிருந்து வேலைக்குத் திரும்புவது எப்படி: பிரிட்டனில் இருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்தால், கழிவுகள் பகுதியில் "பெனிஃபிட் கேப்" (ஒரு வீடு பெறும் உதவித்தொகைகளின் மொத்தத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு) என்று ஒரு வரி ஐந்நூறு அறுநூறு பவுண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கும். வாடகை கொடுத்தது போக மீதியில் மாதத்தை ஓட்டுவது எப்படி என்று தெரியாமல் ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) கேட்டால், "பதினாறு மணிநேர வேலை தேடிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. பதினாறு மணிநேரம் வேலை செய்தும் கேப் போகாதவர்கள் இருக்கிறார்கள், ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். சுருக்கமாக இப்போதே சொல்லிவிடுகிறேன்: யூனிவர்சல் கிரெடிட் பார்ப்பது மணிநேரத்தை அல்ல, பேஸ்லிப்பின் அடியில் வரும் தொகையைத்தான், அதையும் ஒவ்வொரு மாதமும் தனித்தனியாக.

இது பொது நிதி பெற அனுமதி உள்ளவர்களுக்கு எழுதியது. உங்கள் விசாவில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" என்று இருந்தால் எதற்கும் விண்ணப்பிக்கும் முன்னால் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள், பிறகு விசாவில் சிக்கல் வரக்கூடாது.

படி 1: கேப் எவ்வளவு, எதையெல்லாம் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்

இந்த உச்சவரம்பு 2013இல் வந்தது. அப்போது குடும்பத்துக்கு வருடத்துக்கு 26,000 பவுண்ட். 2016 நவம்பரில் லண்டனுக்கு 23,000, மற்ற இடங்களுக்கு 20,000 என்று குறைத்தார்கள், அப்புறம் ஆறு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட்டார்கள். வாடகை மட்டும் நிற்காமல் ஏறியது. 2023 ஏப்ரலில் உயர்த்தி நிர்ணயித்த தொகை மாதக் கணக்கில் இப்படி: லண்டனில் தம்பதிக்கும் பிள்ளைகளோடு இருக்கும் தனிப்பெற்றோருக்கும் 2,110.25 பவுண்ட், பிள்ளையில்லாத தனி ஆளுக்கு 1,413.92. லண்டனுக்கு வெளியே அதே வரிசையில் 1,835 மற்றும் 1,229.42.

யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், மெட்டர்னிட்டி அலவன்ஸ், புது முறை ஜாப் சீக்கர்ஸ் அலவன்ஸ் போன்றவற்றைக் கூட்டி, இந்த வரம்பைத் தாண்டினால் தாண்டிய அளவை யூனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பார்கள். சைல்ட் பெனிஃபிட்டை யாரும் தொட மாட்டார்கள், ஆனால் கூட்டலில் அது இருக்கும், அதனால்தான் பலருக்குக் கணக்கு ஒத்துவருவதில்லை. கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் வீட்டு வரி) குறைப்பு இந்தக் கூட்டலில் வராது. யூனிவர்சல் கிரெடிட்டில் வரும் சைல்ட்கேர் பணத்தையும் கேப் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு விஷயம். 2025 நவம்பர் பட்ஜெட்டில், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பணம் கிடையாது என்ற விதியை 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாக அறிவித்தார்கள், நல்ல செய்திதான். ஆனால் கேப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்றாவது பிள்ளைக்கான தொகை ஒரு பக்கம் சேர, மறுபக்கம் கேப் அதை விழுங்கும் வீடுகள் இருக்கும். இதுவரை கேப் விழாதவர்களும் ஸ்டேட்மென்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: வேலை தேடும் முன், உங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். நீங்களோ, உங்கள் துணையோ, உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளையோ கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்றைப் பெற்றாலும் கேப் கிடையாது. பிப் என்று சொல்லும் மாற்றுத்திறன் உதவித்தொகை, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு வரும் டிஎல்ஏ, உதவி தேவைப்படும் முதியவர்களுக்கு வரும் அட்டென்டன்ஸ் அலவன்ஸ், பராமரிப்பாளருக்கு வரும் கேரர்ஸ் அலவன்ஸ் அல்லது யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளருக்கான கூடுதல் தொகை, கார்டியன்ஸ் அலவன்ஸ், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உதவித்தொகை. உடல்நலம் காரணமாக வேலையும் வேலைக்கான தயாரிப்பும் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டிருந்தாலும் விலக்கு உண்டு.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் நிலைமை ஒன்று உண்டு. அம்மாவோ மாமியாரோ கூடவே இருக்கிறார், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் வாங்குகிறார், நீங்கள்தான் குளிக்க வைப்பது முதல் மருந்து கொடுப்பது வரை எல்லாம் செய்கிறீர்கள். அவருக்கு வரும் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் உங்கள் கேப்பை நீக்காது, அவர் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. ஆனால் வாரத்துக்கு 35 மணிநேரமாவது அவரைக் கவனித்துக்கொண்டால் பராமரிப்பாளர் தொகையை நீங்கள் கேட்கலாம், அது கிடைத்தால் கேப் போய்விடும். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்கு அரசாங்கத்திடம் காசா என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், விதி அதற்குத்தான் இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கில் உள்ள ஜேர்னலில் (அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் பகுதி) எழுதுங்கள்.

இரண்டாவது விலக்கு, சமீபத்தில் வேலை போனவர்களுக்கு. வேலை போவதற்கு, அல்லது சம்பளம் குறைவதற்கு, முந்தைய 12 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தொகையை (அடுத்த படியில் வருகிறது) சம்பாதித்திருந்தால் 9 மாதங்களுக்குக் கேப் போட மாட்டார்கள். உங்கள் சம்பளம் மட்டுமல்ல, துணையின் சம்பளமும், பிரிந்துபோன துணையோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவர் வாங்கிய சம்பளமும்கூட இதில் உதவலாம். கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு புதிதாக விண்ணப்பிக்கும் பெண்களுக்கு இது பெரிய விஷயம், ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் அதிகாரிகளாகவே கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். வேலை போன மறுநாளே அந்த 9 மாதம் ஓடத் தொடங்கிவிடும், சேமிப்பைத் தின்றுவிட்டு ஐந்து மாதம் கழித்து விண்ணப்பித்தால் நான்கு மாதம்தான் மிச்சம்.

படி 3: 16 மணிநேரம் ஏன் போதாது

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவருக்குக் கேப் போக வேண்டுமானால், அவருடைய (தம்பதி என்றால் இருவருடைய) மாதச் சம்பளம் வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போக ஒரு தொகையைத் தொட வேண்டும். அந்தத் தொகை, குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணிநேரம் வேலை செய்தால் மாதத்துக்கு என்ன வருமோ அது. 2025 ஏப்ரலில் ஊதியம் 12.21 பவுண்டாக இருந்தபோது 846 பவுண்ட். 2026 ஏப்ரலில் ஊதியம் 12.71 ஆனதும் அதே கணக்கில் 881. ஒவ்வொரு ஏப்ரலிலும் இது ஏறும், எனவே பழைய எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் சரியாக 16 மணிநேரம் வேலை செய்பவருக்கு மாதம் 881 பவுண்டும் சில்லறையும் வரும். ஆனால் 22 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதச் சம்பளம் 833 பவுண்டைத் தாண்டினால் முதலாளி தானாகவே பென்ஷனில் சேர்த்துவிடுவார். அதில் ஏறக்குறைய 18 பவுண்ட் போகும். கையில் மிஞ்சுவது 863. வரம்பு 881. அவ்வளவுதான், கேப் அப்படியே இருக்கும்.

அடுத்தது சம்பளம் தரும் முறை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தரும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. நான்கு வாரச் சம்பளம் ஒரு மாதச் சம்பளம் அல்ல, இரண்டு மூன்று நாள் குறைவு. 16 மணிநேரக்காரருக்கு அது 813 பவுண்ட்தான். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் இரண்டு சம்பளம் ஒரே கணக்கு மாதத்தில் (யூனிவர்சல் கிரெடிட் உங்கள் வருமானத்தைக் கணக்கிடும் மாதம்) விழும், மற்ற பதினொரு மாதமும் அவர் வேலையே செய்யாதவர் போலக் கேப்பில் இருப்பார். இது நியாயமா என்று வழக்கே நடந்தது. 2020இல் உயர் நீதிமன்றம் இது அறிவுக்கு ஒவ்வாதது என்றது, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முதல் தீர்ப்புத்தான் சரி என்பது என் எண்ணம், ஆனால் இன்றைக்கு நடைமுறையில் இருப்பது இரண்டாவது.

அதனால் குறைந்தபட்ச ஊதிய வேலை என்றால் நான் சொல்லும் கணக்கு இது: மாதச் சம்பளமாக இருந்தால் வாரம் 17 மணிநேரம், வாரச் சம்பளமோ நான்கு வாரச் சம்பளமோ என்றால் 18. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு ஊதியமே குறைவு, அவர்களுக்கு இன்னும் கூட வேண்டும். மணிக்கு 14, 15 பவுண்ட் தரும் வேலை என்றால் 16 மணிநேரத்துக்குக் குறைவாகவே வரம்பைத் தொட்டுவிடலாம், மணிநேரத்துக்கென்று தனி விதி எதுவும் கிடையாது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு உண்மையில் வந்த இலாபம்தான் கணக்கு. ஜாப் சென்டர் உங்களுக்கு இவ்வளவு வந்ததாக வைத்துக்கொள்கிறோம் என்று போடும் கற்பனைத் தொகை கேப்பை நீக்க உதவாது.

படி 4: வேலைக்குப் போனால் கையில் எவ்வளவு நிற்கும்

லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாயை வைத்துக்கொள்வோம். கேப் இல்லாவிட்டால் யூனிவர்சல் கிரெடிட் (வாடகை உட்பட) 2,500, சைல்ட் பெனிஃபிட் 190, மொத்தம் 2,690 என்று வைப்போம். கேப் 2,110இல் நிறுத்திவிடுகிறது, 580 போய்விட்டது.

வாரம் 16 மணிநேரம் வேலை, கையில் 863. அவர் வருமானம் 2,110ஓடு 863, மொத்தம் 2,973. இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் சம்பளத்தைப் பார்த்து ஒரு தொகையைக் குறைக்கும், ஆனால் இவருக்கு அது ஏற்கெனவே கேப்பில் போன பணத்திலிருந்துதான் குறைகிறது, எனவே சம்பளம் முழுதாகவே கையில் நிற்கிறது. "வேலைக்குப் போனால் பெனிஃபிட்டைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற பேச்சு இவர் விஷயத்தில் பொருந்தாது.

ஒரு மணிநேரம் கூட்டி 17 ஆக்கினால் கையில் சுமார் 915. கேப் போய்விட்டது. இப்போதுதான் வழக்கமான குறைப்பு உண்மையாகத் தெரியும். பிள்ளை உள்ளவர்களுக்கு, வாடகை உதவியும் இருந்தால், முதல் 427 பவுண்ட் சம்பளத்தைத் தொட மாட்டார்கள் (2026-27 கணக்கு), அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். 915இல் 427 போக 488, அதில் 55 சதவீதம் 268. யூனிவர்சல் கிரெடிட் 2,232, சைல்ட் பெனிஃபிட் 190, சம்பளம் 915, மொத்தம் 3,337.

வாரத்துக்கு ஒரு மணிநேர வித்தியாசம், மாதத்துக்கு 364 பவுண்ட் வித்தியாசம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் இந்தக் கணக்கைப் போடச் சொல்வது இதற்காகத்தான். என்டைட்டில்டு டூ, டர்ன் டு அஸ் போன்ற தளங்களில் இலவசக் கால்குலேட்டர் இருக்கிறது, உங்கள் வாடகையையும் பிள்ளைகளின் வயதையும் போட்டால் சரியான எண் வரும். கவுன்சில் டாக்ஸ் குறைப்பு சம்பளம் ஏற ஏறக் குறையும், அதையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளி மதிய உணவு பற்றிய பயம் இங்கிலாந்தில் தீர்ந்துவிடுகிறது, 2026 செப்டம்பர் முதல் யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

படி 5: பிள்ளையை யார் பார்ப்பது

வேலைக்குத் திரும்ப முடியாமல் நிற்பவர்களில் பலர் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட், பதிவு செய்த சைல்ட்கேருக்கு ஆகும் செலவில் 85 சதவீதம் வரை திருப்பித் தரும், அதற்கும் உச்சத்தொகை உண்டு (2025-26இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண்ட்). குறைந்தபட்ச மணிநேரம் என்று எதுவும் இல்லை. தனிப்பெற்றோர் என்றால் அவர் வேலையில் இருக்க வேண்டும், தம்பதி என்றால் பொதுவாக இருவரும். பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொண்டால் பணம் வராது.

சிக்கல், முதலில் நீங்கள் கட்டிவிட்டு அப்புறம் திரும்பப் பெறுவது. நர்சரி முன்பணம் கேட்கும், உங்களிடம் இருக்காது. 2023 ஜூன் முதல், புதிதாக வேலைக்குப் போகும்போதும் மணிநேரத்தைக் கணிசமாகக் கூட்டும்போதும் முதல் மாதச் சைல்ட்கேர் செலவை முன்கூட்டியே பெற வழி இருக்கிறது. வேலை உறுதியானதுமே ஜேர்னலில் எழுதி வொர்க் கோச்சிடம் (ஜாப் சென்டரில் உங்களைக் கவனிக்கும் அலுவலர்) கேளுங்கள், வேலை தொடங்கிய பிறகு அல்ல. நர்சரி கேட்கும் டெபாசிட்டுக்கு ஃப்ளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட் என்று ஒன்று உண்டு, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வொர்க் கோச் தானாகச் சொல்லாமல் இருக்கலாம். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 2025 செப்டம்பர் முதல் ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து வேலை செய்யும் பெற்றோருக்கு வாரம் 30 மணிநேரம் இலவசம், பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கு. இதை யூனிவர்சல் கிரெடிட் சைல்ட்கேர் பணத்தோடு சேர்த்தே பெறலாம். டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரை (சைல்ட்கேர் செலவுக்கு நீங்கள் போடும் பணத்தோடு அரசும் சேர்த்துப் போடும் கணக்கு) மட்டும் யூனிவர்சல் கிரெடிட்டோடு சேர்த்துப் பெற முடியாது, தெரியாமல் அதைத் திறந்துவிடாதீர்கள்.

படி 6: வேலை தேடும்போது எதைக் கேட்க வேண்டும்

பத்து வருடம் பிள்ளை வளர்த்துவிட்டு, ஊரில் படித்த பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே விண்ணப்பம் போடுவது எளிதல்ல. பட்டத்துக்கு இங்கே என்ன மதிப்பு என்று வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் யூகே எனிக் மூலம் சான்று வாங்கலாம், கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தை வொர்க் கோச் நிதியிலிருந்து கேட்டுப் பாருங்கள். பராமரிப்பு வேலைக்கோ பள்ளி வேலைக்கோ தேவைப்படும் டிபிஎஸ் சோதனை (குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது), நேர்காணலுக்கு உடை, முதல் மாதப் பயணச் செலவு இவற்றுக்கும் அதே நிதிதான். ஆங்கிலம் தடுமாறினால் கவுன்சில் கல்லூரிகளில் ஈசோல் வகுப்புகள் (பிறமொழிக்காரர்களுக்கான ஆங்கில வகுப்புகள்) இருக்கின்றன, யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம்.

நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். கூச்சப்படாமல் மூன்றைக் கேளுங்கள்: சம்பளம் மாதத்துக்கா நான்கு வாரத்துக்கா, ஒப்பந்தத்தில் உறுதியான மணிநேரம் எவ்வளவு, பள்ளி விடுமுறையில் சம்பளம் உண்டா. மணிநேரத்துக்கு உறுதி தராத ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு மாதம் 80 மணிநேரம் வரும், அடுத்த மாதம் 50 வரும், அந்த மாதம் கேப் திரும்ப வந்துவிடும். மணிக்கு ஐம்பது பென்ஸ் குறைந்தாலும் உறுதியான மணிநேரம் உள்ள வேலையைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை 2024 ஏப்ரலிலிருந்து முதல் நாளே உண்டு, முதலாளி மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும்.

படி 7: முதல் பன்னிரண்டு மாதம்

வேலை கிடைத்துவிட்டது, கேப் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 9 மாதப் பாதுகாப்பு கிடைக்க, 12 மாதம் தொடர்ந்து ஒவ்வொரு மாதமும் வரம்பைத் தொட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதுவரை உங்களுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்து நோய்விடுப்புச் சம்பளம் வாங்கிய மாதம், பிள்ளைக்கு அம்மை வந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதம், இவற்றில் ஏதாவது ஒன்றில் 881க்குக் கீழே போனால் அந்த மாதம் கேப் விழும், அதோடு 12 மாதக் கணக்கும் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் வரம்பை ஒட்டி நிற்காமல் முடிந்தால் இரண்டு மூன்று மணிநேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

உங்கள் கணக்கு மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தெரிந்து வைத்திருங்கள். சம்பளத் தேதி அதை ஒட்டி இருந்தால், கிறிஸ்துமஸுக்கு முன்பே சம்பளம் போட்டுவிடும் முதலாளியால் ஒரு மாதத்தில் இரண்டு சம்பளமும் அடுத்த மாதம் பூஜ்ஜியமும் பதிவாகும், பூஜ்ஜிய மாதத்தில் கேப் வந்து உட்காரும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதைச் சரிசெய்ய 2020 நவம்பரில் விதியை மாற்றினார்கள், ஒரு சம்பளத்தை அது சேர வேண்டிய மாதத்துக்கு நகர்த்தச் சொல்லி ஜேர்னலில் கேட்கலாம், பேஸ்லிப்பைப் படம் எடுத்துப் போடுங்கள். நான்கு வாரச் சம்பளக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

படி 8: வேலை கிடைக்கும் வரை வாடகை

கவுன்சிலிடம் கேளுங்கள். வேல்ஸில் வாடகைக்குக் கவுன்சில் கூடுதலாகத் தரும் டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று இருக்கிறது, இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் முதல் அது க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நெருக்கடி உதவி நிதிக்குள் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் அரசே கேப்பில் போகும் பணத்தை ஈடுசெய்ய நிதி தருகிறது, அங்கே இருப்பவர்கள் விண்ணப்பிக்காமல் இருப்பது வீண். விண்ணப்பத்தில் "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல், மாத வரவு செலவு, வாடகை பாக்கி, வேலை தேடும் முயற்சி, எந்த மாதத்துக்குள் வேலைக்குப் போக நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். அவர்கள் கேட்பது, இந்தப் பணம் எதுவரைக்கும் தேவை என்பதைத்தான்.

கேப் இருப்பதையே எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் உங்களுக்கு விலக்கு உண்டு, 9 மாதம் தரவில்லை, சம்பளத்தைத் தப்பாகப் பதிந்திருக்கிறார்கள் என்றால் முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் தீர்ப்பாயம் இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக எழுதித் தருவார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லி நேரம் வாங்குங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். போகும்போது கடைசி மூன்று ஸ்டேட்மென்ட், பேஸ்லிப்கள், வாடகை ஒப்பந்தம், யாருக்காவது பிப் அல்லது டிஎல்ஏ கடிதம் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.